சித்தப்பா வீட்டில் ஒரு மச்சான்

அத்தியாயம் 6

"மாப்பிள்ளை, தயவுசெஞ்சு வாயை மூடிக்கிட்டு அந்த ஏணியைத் தூக்கிட்டு வாங்க" என்றார் என் மாமியார்.

மற்ற துப்பறிவாளர்கள் தங்கள் உதவியாளனை 'டேய்' என்று கூப்பிட்டு வேலை வாங்கிவிடலாம். என் மாமியாருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. இருந்த வேலையைத் தொலைத்துவிட்டு நான் வீட்டு சோபாவில் வேர்விட ஆரம்பித்தபோது, என் மனைவி தன் அம்மாவிடம் சிபாரிசு செய்து என்னைச் சேர்த்துவிட்டாள். அன்றிலிருந்து அவர் என்னைத் திட்டுவதானாலும் 'ங்க' போட்டுத்தான் திட்ட வேண்டியிருக்கிறது. "கொஞ்சமாவது அறிவிருக்கா உங்களுக்கு?" என்று அவர் கேட்கும்போது அந்தக் கடைசிச் சொல்லில் மட்டும் மரியாதை இருக்கும். எனக்கு அது போதும்.

அன்றைக்கு எங்களைக் கூப்பிட்டது ஒரு தொலைக்காட்சித் தொடர்த் தயாரிப்பாளர். மூன்று மாடி அலுவலகம். கீழே கணக்குப் பிரிவு, இரண்டாம் மாடியில் எடிட்டிங், மூன்றாம் மாடியில் கதை இலாகா, அதற்கு மேலே அவர் குடியிருக்கும் வீடு. அலுவலகத்துக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரே ஒரு படிக்கட்டு. வேலைக்கு நேரத்துக்கு வராததற்கு அவரால் மட்டும் எந்தச் சாக்கும் சொல்ல முடியாது.

"நாளைக்கு வரப்போற எபிசோடோட கதை இன்னைக்கே ஊருக்கெல்லாம் தெரிஞ்சுடுது மேடம்" என்று தயாரிப்பாளர் மேஜையைக் குத்தினார். "இன்டர்நெட்டுல ஏதோ ஒரு வம்புப் பக்கத்துல வசனத்தோட போடறான். சேனல்காரங்க கழுத்துல கத்தி வெச்சுட்டாங்க. திருடன் யாருன்னு எனக்குத் தெரியும். இதோ நிக்கிறான்."

அறை மூலையில் ஒரு முப்பது வயது ஆள் நின்றிருந்தார். கம்ப்யூட்டர்களையெல்லாம் இணைத்துக் கட்டி மேய்ப்பவர். அலுவலகத்தில் எல்லோரும் அவரை 'ஒயர்' என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஆளும் அந்தப் பருமன்தான். அவர் இடுப்பில் எப்போதும் தொங்கும் சாவிக்கொத்து அன்று தயாரிப்பாளர் மேஜைமேல் கிடந்தது. காலையில் எல்லோரும் பார்க்கப் பிடுங்கியிருக்கிறார்.

"இன்ஸ்பெக்டர் அஞ்சு மணிக்கு வர்றார்" என்றார் தயாரிப்பாளர்.

"நான் எடுக்கல மேடம்" என்றார் ஒயர். "வேலை போனாக் கூடப் பரவாயில்லை. திருடன்னு பேர் வந்துட்டா அப்புறம் எந்த ஆபீஸ்ல என்னை நம்பிச் சாவியைக் குடுப்பாங்க? எனக்கு வேற தொழில் தெரியாது."

எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. சட்டென்று ஒரு நகைச்சுவை சொல்லித் தேற்றலாம் என்று வாயைத் திறந்தேன். அத்தை என் காலை மிதித்தார். மரியாதையாகத்தான் மிதித்தார்.

"திருடன் என்ன பண்ணினான்னு மட்டும் சொல்லுங்க. யாருன்னு அப்புறம் பார்க்கலாம்" என்றார் தயாரிப்பாளரிடம்.

ஒயர்தான் பதில் சொன்னார். வெளியிலிருந்து யாரும் உள்ளே நுழையவில்லை. முடித்து வைத்த எபிசோடுகள் இருக்கும் சேமிப்பைக் கட்டடத்துக்குள்ளிருந்தே யாரோ திறக்கிறார்கள். தினமும் மதியச் சாப்பாடு முடிந்த நேரத்தில்.

"காப்பி எடுத்தானா?"

"இல்ல மேடம். திறந்து, முழுசாப் பார்த்திருக்கான்."

"ஒரே மூச்சுலயா?"

"இல்ல. பாதியில நிறுத்திட்டான். ரொம்ப நேரம் கழிச்சு அதே இடத்துலருந்து மறுபடியும் ஓட்டியிருக்கான். நேத்து ஒரு சீனைப் பின்னாடி தள்ளித் தள்ளி நாலு தடவை பார்த்திருக்கான்."

"எந்த சீன்?"

"மாமியார், மருமக இடுப்புலருந்து சாவிக்கொத்தைப் பிடுங்கற சீன்."

அத்தை மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் அதைத் துடைத்தால் ஏதோ பிடிபட்டுவிட்டது என்று அர்த்தம். எனக்கு வழக்கம்போல ஒன்றும் பிடிபடவில்லை.

"மாப்பிள்ளை, நீங்க ஒரு வீட்டுல திருடப் போனா எப்படிப் போவீங்க?"

"உங்களையும் கூட்டிட்டுப் போவேன் அத்தை."

"கிடைச்சதை எடுத்துக்கிட்டு ஓடுவீங்க. நடுவுல ஒரு தூக்கம் போட்டுட்டு எழுந்து வந்து மிச்சத்தைத் திருட மாட்டீங்க. இந்த ஆள் ரசிக்கிறான்." கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒயரிடம் திரும்பினார். "தம்பி, இந்தக் கட்டடத்துல எந்தப் பெட்டி எந்தப் பெட்டியோட சேர்ந்திருக்குன்னு ஒரே பார்வையில காட்ட முடியுமா?"

ஒயரின் முகத்தில் அன்று முதல்முறையாக ரத்தம் ஓடியது. தன் வேலையைப் பற்றி யாராவது கேட்டால் அவருக்குப் போதும் போலிருக்கிறது. எங்களைத் தன் அறைக்குக் கூட்டிப்போனார். தயாரிப்பாளரும் சாவிக்கொத்தைக் கையில் பிடித்துக்கொண்டு பின்னாலேயே வந்தார்.

திரையில் கட்டங்கள் விரிந்தன. ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் ஒரு பெயர். அப்பா. பெரியப்பா. மாமா. சித்தப்பா.

"இது என்ன, உங்க குடும்ப அட்டையா?" என்றேன்.

"எல்லாம் சுவிட்ச் பெட்டி சார். ஒயர் எல்லாம் வந்து சேர்ற இடம். நம்பர் வெச்சா மறந்துடுது, உறவு மறக்காது. சர்வர் ரூம்ல இருக்கறது அப்பா. கீழ் மாடிக்குப் பெரியப்பா. எடிட்டிங்குக்கு மாமா. மூணாவது மாடிக்குச் சித்தப்பா."

"அவங்களுக்குள்ள பேச்சுவார்த்தை உண்டா?" என்றார் அத்தை.

"அதுதான் மேடம் விஷயமே. ஒவ்வொரு பெட்டியும் தன் ஒயரோட மறுமுனையில யாரு இருக்காங்களோ அவங்ககிட்ட, 'நான் இன்னார், இந்த இடத்துல இருக்கேன், ஒயர் சொருகற இந்த போர்ட்லருந்து பேசறேன்'னு விடாம சொல்லிக்கிட்டே இருக்கும். எல்.எல்.டி.பி.ன்னு சொல்லுவோம். கேட்கற பெட்டி அதை ஞாபகம் வெச்சுக்கும். நான் போய் 'உன் பக்கத்துல யாரு?'ன்னு கேட்டாச் சொல்லிடும்."

"பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதை அடுத்த வீட்டுக்குப் போய்ச் சொல்லுமா?"

"சொல்லாது. பக்கத்து வீட்டோட சரி."

"வம்பைக் கேட்டுட்டுக் கடத்தாத ஜென்மமா? எங்க குடும்பத்துல அப்படி ஒண்ணுகூட இல்லையே" என்றேன். அத்தை என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் உத்தரத்தைப் பார்த்தேன்.

"அப்ப ஒருத்தன் சித்தப்பாகிட்ட பேர் சொல்றான்னா அவன் அந்த ஒயரோட மறு முனையிலேயே நிக்கிறான். தூரத்துலருந்து கூவ முடியாது. சரிதானே?"

"சரிதான் மேடம். அதனாலதான் புது ஆள் யாராவது பேர் சொன்னா எனக்கு மணி அடிக்கிற மாதிரி வெச்சிருக்கேன். ஒரு தடவைகூட அடிக்கல."

"மணியை விடுங்க. ஒவ்வொருத்தரையா விசாரிப்போம்."

அப்பாவைக் கேட்டோம். பெரியப்பா, மாமா, சித்தப்பா என்று ஒழுங்காகச் சொன்னார். பெரியப்பாவைக் கேட்டோம். கணக்குப் பிரிவு டெலிபோன்களைச் சொன்னார். சித்தப்பாவைக் கேட்டோம். அப்பா, கதை இலாகா டெலிபோன், பிரிண்டர், அப்புறம்...

'மச்சான்'.

ஒயர் திரையை நோக்கிக் குனிந்தார்.

"பார்த்தீங்களா மேடம்!" என்று தயாரிப்பாளர் துள்ளினார். "இவன் பாஷை! இவன் வெச்ச பேரு! ஆபீசுக்குத் தெரியாம ஒரு பெட்டியைச் சொருகி வெச்சிருக்கான். நான் அப்பவே சொன்னேனா இல்லையா?"

ஒயர் தலையில் கை வைத்துக்கொண்டார். எனக்கும் அவர்மேல் சந்தேகம் வந்தது. அது நிச்சயமாக ஒயர் வைக்கிற பெயர்தான். வேறு எந்தத் திருடனும் தன் பெட்டிக்கு மச்சான் என்று பெயர் வைத்துக்கொண்டு வரமாட்டான்.

அத்தை மட்டும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு ஒயருக்கு எதிரே உட்கார்ந்தார், பெண் பார்க்க வந்தவர் மாதிரி.

"தம்பி, உங்க சித்தப்பா மகன் உங்களுக்கு என்ன முறை?"

"தம்பி... தம்பி முறை மேடம்."

"பெரியப்பா மகன்?"

"அண்ணன்."

"மச்சான்னு யாரைக் கூப்பிடுவீங்க?"

"மாமா மகனை."

"அப்ப மாமா வீட்டுல இருக்க வேண்டிய மச்சான் சித்தப்பா வீட்டுல என்ன பண்றான்?"

ஒயர் திரையைப் பார்த்தார். அத்தையைப் பார்த்தார். திடீரென்று நாற்காலி உருள எழுந்தார்.

"மேடம்! இவன் பழைய பெட்டி! எடிட்டிங் ரூம்ல மாமாவுக்குக் கீழே இருந்தான். புதுசு வந்ததும் இவனைக் கழட்டிப் பழைய சாமான் ரூம்ல போட்டுட்டேன்." பெயர்மேல் தட்டினார். உள்ளே இன்னொரு வரி விரிந்தது. "பாருங்க, இருக்கற இடம் இரண்டாம் மாடி எடிட்டிங்னு இன்னும் சொல்லிக்கிட்டு இருக்கான். ஆனா நிக்கிறது மூணாம் மாடி!"

"குடி மாறியும் பழைய விலாசத்தையே சொல்லிக்கிட்டுத் திரியறான்" என்றேன். "எங்க பெரிய மாமா மாதிரி."

"இந்தத் தம்பியே திருட்டுத்தனமா மாட்டியிருந்தா முறை தப்பாம 'கடைக்குட்டி'ன்னோ 'தம்பி'ன்னோ பேர் மாத்தியிருப்பார். இதை மாட்டினவருக்கு உள்ளே பேர் இருக்கறதே தெரியாது" என்றார் அத்தை. "சரி, மணி ஏன் அடிக்கல?"

ஒயர் தலையைச் சொறிந்தார். "அது... நம்ம குடும்பப் பேர் சொன்னா மணி அடிக்காது மேடம். அதோட... சொன்னவனுக்குப் பழைய உரிமையெல்லாம் தானாக் கிடைக்கிற மாதிரி வெச்சிருந்தேன். மச்சான்னா எடிட்டிங் ஆளாச்சே, அதனால படச் சேமிப்பு வரைக்கும் கதவு திறந்துடும். பெட்டி மாத்தும்போது வேலை சுலபமா இருக்கும்னு..."

"பேரைச் சொன்னா உள்ளே விட்டுடறதா? கல்யாண வீட்டுல பொண்ணு வீட்டுக்காரன்னு ஒருத்தன் சொன்னா, அப்படியே முதல் பந்தியில உட்கார வெச்சுடுவீங்களா?"

"தப்புதான் மேடம்."

"பழைய சாமான் ரூம் சாவி யார் யார்கிட்ட இருக்கு?"

"என்கிட்ட ஒண்ணு. சார்கிட்ட ஒண்ணு."

"நான் அந்தப் பக்கமே போறதில்லை. தூசி எனக்கு ஆகாது" என்றார் தயாரிப்பாளர்.

அத்தை மறுபடியும் கண்ணாடியைத் துடைத்தார்.

சித்தப்பாவின் அந்த போர்ட்டிலிருந்து கிளம்பிய ஒயர் கதாசிரியர் அறைக்குப் போனது. நாங்கள் கதவைத் திறந்ததும் கதாசிரியர் மடிக்கணினியைப் பட்டென்று மூடினார். எனக்கு ரத்தம் கொதித்தது. இதுவரை நான் பிடித்த குற்றவாளிகளின் எண்ணிக்கை பூஜ்யம். அதை இன்றே மாற்றிவிட முடிவு செய்தேன்.

"திறங்கய்யா அதை!" என்று பாய்ந்தேன்.

திறந்தார். போட்டி சேனலின் தொடர் ஓடிக்கொண்டிருந்தது. அடுத்த வாரத் திருப்பத்துக்குக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"சார்கிட்ட சொல்லிடாதீங்க" என்று கும்பிட்டார். தயாரிப்பாளர் என் பின்னால் நிற்பதை அதற்கப்புறம்தான் பார்த்தார்.

"மாப்பிள்ளை, நீங்க அவரை அப்புறமா கைது பண்ணிக்குங்க" என்றார் அத்தை. "அலமாரிக்குப் பின்னாடி பாருங்க."

அலமாரிக்குப் பின்னால் சுவரில் ஒரு சாக்கெட். அதிலிருந்து சாம்பல் நிற ஒயர் ஒன்று சுவரோரமாக மேலே ஏறி, கூரைப் பலகைக்குள் போய் மறைந்தது. ஏசி ஒயர் என்று நினைத்து விட்டுவிட்டதாகக் கதாசிரியர் சத்தியம் செய்தார். அத்தை முதலிலேயே என்னைத் தூக்கி வரச்சொன்ன ஏணியின் மகத்துவம் அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஏறினேன். பலகையை நகர்த்தித் தலையை உள்ளே விட்டேன். தும்மினேன். இன்னொரு தரம் தும்மினேன். தூசிக்கு நடுவில் பச்சை விளக்கைச் சிமிட்டிக்கொண்டு ஒய்யாரமாகப் படுத்திருந்தார் மச்சான்.

"அத்தை, மாப்பிள்ளை மச்சானைக் கண்டுபிடிச்சுட்டார்!"

"சந்தோஷம். தம்பி, இப்ப மச்சானையே கேளுங்க. அவன் பக்கத்துல யாரு?"

ஒயர் மடிக்கணினியை மடியில் வைத்துத் தட்டினார். மச்சான் எதையும் மறைக்கவில்லை. ஒரு பக்கம் சித்தப்பா. இன்னொரு பக்கம் ஒரு வைஃபை பெட்டி. அது தன்னை 'மேல்வீடு ஹால்' என்று அறிமுகம் செய்துகொண்டிருந்தது.

அறையிலிருந்த எல்லோரும் மெதுவாகத் தயாரிப்பாளர் பக்கம் திரும்பினோம். நான் ஏணி உச்சியிலிருந்து திரும்பினேன்.

தயாரிப்பாளர் கைக்குட்டையை எடுத்தார். "மேடம், எனக்கு என்னமோ இந்தக் கேசை இதோட நிறுத்திக்கலாம்னு தோணுது. உங்க ஃபீஸை..."

"அஞ்சு மணிக்கு இன்ஸ்பெக்டர் வர்றாரே? வந்தவர் யாரையாவது கூட்டிட்டுப் போகணுமில்ல?" என்று அத்தை படிக்கட்டை நோக்கி நடந்தார். ஒயர் பின்னால் ஓடினார். நான் அவசரத்தில் ஏணியையும் தூக்கிக்கொண்டு ஓடினேன். எதற்கு என்று இன்றுவரை தெரியவில்லை.

மேல்வீட்டுக் கதவு திறந்தே இருந்தது. ஹாலில் ஒரு பெரிய டிவி. எதிரே சோபாவில், தலையணையை மடியில் வைத்துக்கொண்டு, நெற்றியில் கண்ணாடியை ஏற்றி விட்டபடி ஒரு அம்மாள் உட்கார்ந்திருந்தார். தூங்கி எழுந்த முகம். திரையில் ஒரு காட்சி பாதியில் உறைந்து நின்றது. நாளைய எபிசோட்.

"வாங்க மாப்பிள்ளை!" என்றார் அந்த அம்மாள், தயாரிப்பாளரைப் பார்த்து. "இவங்கல்லாம் யாரு? ஏணி எதுக்கு?"

தயாரிப்பாளர் ஆபீசில் மேஜையைக் குத்திய அதே ஆள்தானா என்று சந்தேகம் வந்துவிட்டது. தோள் இரண்டும் உள்ளே போய்விட்டன. "அத்தை... இது உங்களுக்கு எப்படி வருது?"

"எப்படி வருதுன்னா? நீங்கதானே ஏற்பாடு பண்ணினீங்க! மேல வைஃபை வரல, டிவி சுத்திக்கிட்டே இருக்குன்னு சொன்னேன். ஒரு ஞாயித்துக்கிழமை நீங்களே கீழேயிருந்து ஏதோ பழைய பெட்டியைத் தூக்கிட்டு வந்து, மூணாம் மாடிக் கூரைக்குள்ள ஏறி, தும்மித் தும்மி மாட்டினீங்களே! அன்னையிலருந்து டிவியில புதுசா ஒரு கதவு திறந்துச்சு. உள்ளே பார்த்தா நம்ம தொடர், ஒரு நாள் முன்னாடியே! மாப்பிள்ளை நமக்காக ஸ்பெஷலாப் பண்ணியிருக்கார்னு நான் எல்லார்கிட்டயும் பெருமையாச் சொல்லிக்கிட்டு இருக்கேன்."

"எல்லார்கிட்டயுமா?" என்றார் தயாரிப்பாளர் ஈனஸ்வரத்தில்.

"வாக்கிங் கூட்டாளிங்ககிட்ட. சாயந்திரம் போன்ல கதை சொல்லுவேன், வசனத்தோட. அதுல ஒருத்தியோட மருமக ஏதோ பக்கம் நடத்தறாளாம். ரொம்ப நல்ல பொண்ணு, ஒண்ணு விடாம எழுதிக்குவா."

நான் ஏணியைப் பிடித்துக்கொண்டு குலுங்கினேன். சிரிப்பை அடக்கியதில் ஏணி கடகடவென்று ஆடியது.

என் அத்தை மட்டும் சிரிக்கவில்லை. ஒயரின் கையைப் பிடித்து முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார். "அம்மா, இந்தத் தம்பிதான் திருடினதா உங்க மாப்பிள்ளை முடிவு பண்ணி, காலையில ஆபீஸ் முன்னாடி சாவியைப் பிடுங்கிட்டார். போலீஸ் வந்துக்கிட்டு இருக்கு."

அந்த அம்மாளின் முகம் மாறியது. மருமகன் கையிலிருந்த சாவிக்கொத்தைப் பார்த்தார். ஒயரின் வெறும் இடுப்பைப் பார்த்தார். ரிமோட்டை எடுத்து அழுத்தினார்.

திரையில் உறைந்திருந்த காட்சி நகர்ந்தது. தொடரில் வரும் அந்தப் பொல்லாத மாமியார், எல்லோரும் பார்க்க, மருமகளிடம் நடந்து போய், "தப்பு என்மேலதான்" என்று சாவிக்கொத்தை நீட்டினார்.

"நேத்துப் பிடுங்கினதை நாலு தடவை பார்த்தேன்" என்றார் அந்த அம்மாள். "ஆனா திருப்பிக் குடுக்கறாளே, இதை எட்டுத் தடவை பார்க்கலாம். அந்த ராட்சசிக்கே புத்தி வந்துடுச்சு மாப்பிள்ளை."

தயாரிப்பாளர் கொஞ்சம் தயங்கினார். அப்புறம் மூன்றாம் மாடி, இரண்டாம் மாடி, கீழ் மாடி என்று எல்லோரையும் கூப்பிட்டார். படிக்கட்டு நிறையத் தலைகள். அவர்கள் முன்னால் ஒயரிடம் போய்ச் சாவிக்கொத்தை நீட்டினார்.

"பெட்டியைத் தூக்கிட்டுப் போய் மாட்டினது நான். மறந்தும் போனேன். தப்பு என்மேலதான். மன்னிச்சுக்கப்பா."

ஒயர் உடனே கை நீட்டவில்லை. சாவிக்கொத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வாங்கி இடுப்பில் மாட்டினார். அது கலகலவென்று ஒலித்தபோது அவர் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான். தூசி என்று சொல்லிக்கொண்டேன்.

இன்ஸ்பெக்டருக்குத் தயாரிப்பாளர் போன் செய்தார். "திருடன்... வீட்டு ஆள்தான் சார். இல்ல சார், கைதெல்லாம் வேண்டாம். நான் இந்த வீட்டுலதான் சாப்பிடணும்."

ஒயர் மடிக்கணினியைத் திறந்தார். இனிமேல் பெயரை மட்டும் நம்புவதில்லை என்று, குடும்பப் பெயர் சொன்னால் கதவு திறக்கும் அந்த ஏற்பாட்டை முதலில் அழித்தார். மச்சானை எடிட்டிங் பக்கம் எட்டிப் பார்க்காமல் மேல்வீட்டோடு கட்டிப்போட்டார். கழற்ற மட்டும் அந்த அம்மாள் விடவில்லை.

"இடத்தைச் சரி பண்ணிட்டேன். முறைப்படி பேரையும் மாத்தணும் மேடம்" என்றார் ஒயர். "தம்பின்னு வெச்சுடவா?"

அத்தை யோசித்தார். "மேல மாமியார் வீடு. கீழ ஆபீஸ். நடுவுல தூசியில படுத்துக்கிட்டு, ரெண்டு பக்கமும் கேட்கறதையெல்லாம் சுமக்கறான். அவனுக்கு ஒரே பேர்தான் பொருந்தும்."

ஒயர் சிரித்துக்கொண்டே தட்டினார். அரை நிமிடத்தில் சித்தப்பாவின் பக்கத்து வீட்டுப் பட்டியலில் புதுப் பெயர் வந்து உட்கார்ந்தது: 'மாப்பிள்ளை'.

தயாரிப்பாளர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். இருவருக்குள்ளும் எந்த ஒயரும் இல்லாமலே ஒரு அறிமுகம் நடந்து முடிந்தது.

"மாப்பிள்ளை, அந்த ஏணி!" என்று ஹாலிலிருந்து ஒரு குரல் கேட்டது.

எந்த மாமியார் என்று பார்க்கவில்லை. இரண்டு பேரும் ஓடினோம்.